நேர் ஸ்டாக் லீவர் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி: எதைத் தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது?

#1 பைன்காட்டான் (பென்சில்வேனியா)

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாநிலத்தில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோ ரைஃபிள் எடுத்துப் போகக் கூடாது. அதனால் இந்த மலைக்காடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பம்ப் ஆக்‌ஷனும் லீவர் ஆக்‌ஷனும்தான். பம்ப் என்பது முன்கட்டையை இழுத்துத் தள்ளியும், லீவர் என்பது டிரிக்கருக்கு அடியிலுள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றியும் அடுத்த தோட்டாவை ஏற்றுவது. நான் இதுவரை பம்ப் ஆள். போன சீசனில் கேம்ப் நண்பர் ஒருவரின் பழைய லீவரைக் கொஞ்ச நேரம் தூக்கி நடந்தேன். பிஸ்டல் கிரிப் வளைவு இல்லாத நேர் ஸ்டாக் (தோளில் பதிக்கும் பின்கட்டை). ரிசீவருக்கு (உள்வேலை இருக்கும் நடு இரும்புப் பெட்டிக்கு) அடியில் ஒரு கையால் பிடித்தால் எடை அப்படியே சமமாக நிற்கிறது. தோளுக்குக் கொண்டு வரும்போது மணிக்கட்டு எங்கும் சிக்குவதில்லை. அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

புதிதாக வருவது வேண்டாம். பழையதாக, நேர் ஸ்டாக்கோடு, வேட்டைக்கு எடுத்துப் போகக் கூடியதாக ஒன்று வேண்டும். நல்லதாக அமைந்தால் அதையே சேகரிப்பின் முதல் துப்பாக்கியாக வைத்துக்கொள்வேன். இப்போதைக்கு மனதில் மூன்று: 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 94, மார்லின் 336டி, சாவேஜ் 99ஏ. கண்ணாடி போடுகிறவன், ஆகவே ஸ்கோப்போ பீப் சைட்டோ (சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது) கட்டாயம். அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 மெஸ்கீட்மரம் (டெக்சஸ்)

அண்ணா, மூன்றில் மார்லினை முதலில் வையுங்க. ஸ்கோப் வேணும்னு சொல்லிட்டீங்களே, அதுவே பாதி முடிவு. 336 வந்தது 1948ல். ரிசீவரோட மேல்புறம் மூடியிருக்கும், காலித் தோட்டா பக்கவாட்டில் வெளியே போகும். ஸ்கோப் நேரா மேலேயே உட்காரும். பழைய வின்செஸ்டரில் காலித் தோட்டா மேலே தெறிக்கும், அங்க ஸ்கோப் வைக்கிறது போராட்டம்.

336லேயே நேர் ஸ்டாக் போட்டு வந்ததுதான் 336டி. ‘டெக்ஸன்’னு பெயர். 1950களில் ஆரம்பிச்சு 1980கள் வரை வந்தது. 30-30 நிறைய, 35 ரெமிங்டன் குறைவு, 1960களில் கொஞ்ச காலம் 44 மேக்னமும் உண்டு. 44ஐ வேட்டைக்குன்னு வாங்காதீங்க. 336ஓட உள்வேலை நீளமான தோட்டாவுக்குச் செஞ்சது, குட்டையான பிஸ்டல் தோட்டா அதில் ஒழுங்கா ஏறாது. அந்தத் தலைவலிக்காகத்தான் மார்லின் 1969ல் பழைய 1894 ஆக்‌ஷனைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. அதுவும் நேர் ஸ்டாக்தான், 44 வேணும்னா அதைத் தேடுங்க. 35 ரெமிங்டன் அடர்ந்த காட்டில் மானுக்கு அருமையான தோட்டா, ஆனா கடையில் கிடைக்கும்போது பெட்டி பெட்டியா வாங்கி வைக்கணும். முதல் துப்பாக்கின்னா 30-30.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது: காலியா இருக்கான்னு பார்த்துட்டு, விற்கிறவர்கிட்ட அனுமதி கேட்டு, லீவர் திருகு ஒண்ணைக் கழற்றுங்க. லீவர் வெளியே வரும், போல்ட் (குழலோட பின்வாயை மூடுற பாகம்) பின்னால வழுக்கிட்டு வரும். எஜெக்டர் (காலித் தோட்டாவை வெளியே தள்ளுற பாகம்) உள்ளேயிருந்து தனியா விழும், அதைப் பிடிச்சுக்கோங்க. இப்ப குழலைப் பின்பக்கத்திலிருந்து நேரா பார்க்கலாம். சேம்பருக்கு (தோட்டா உட்காருற இடத்துக்கு) முன்னால துரு தின்ன குழிகள் இருந்தா விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே தெரிஞ்சுடும்.

அடுத்து கேரியர். தோட்டாவை மேலே தூக்குற பாகம். லீவரோட முனை அதை உரசி உரசிப் பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமானா ஒரு தோட்டா ஏறும்போதே அடுத்ததும் குழாயிலிருந்து பாதி வந்து மாட்டிக்கும். இங்க எல்லாரும் ‘மார்லின் ஜாம்’னு சொல்றது அதைத்தான். சரி செய்யக் கூடியதுதான், ஆனா விலையில் குறைச்சுக் கேளுங்க.

வயசு கண்டுபிடிக்கிறது சுலபம். 1972க்கு அப்புறம் வந்ததில் சீரியல் எண்ணோட முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழிச்சா வருடம். 25ல் ஆரம்பிச்சா 1975. 1950, 60களில் வந்ததில் எண்ணுக்கு முன்னால எழுத்து இருக்கும்.

குழலில் ரிசீவர் பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள ‘ஜேஎம்’ முத்திரையும் பாருங்க. 2007ல் ரெமிங்டன் மார்லினை வாங்குறதுக்கு முந்தின காலத்து அடையாளம் அது. ரெமிங்டன் திவாலானதும் 2020ல் ரூகர் வாங்கிட்டாங்க. இப்ப வட கரோலினாவில் நல்லாவே செய்யறாங்க, ஆனா நீங்க தேடுறது அது இல்ல.

#3 புதுவேட்டை (டெக்சஸ்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் இதையெல்லாம் வாங்கவே முடியாது என்கிறார்கள். உண்மையா?

#4 மெஸ்கீட்மரம் (டெக்சஸ்)

தம்பி, பாதி உண்மை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கி வாங்கக் கூடாது, வச்சிருக்கவும் கூடாதுன்னு கூட்டாட்சிச் சட்டம் சொல்லுது. அதே சட்டத்தில் விதிவிலக்கும் இருக்கு: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒண்ணு கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். முதலில் ஹன்டர் எஜுகேஷன் படிச்சு முடிங்க, லைசென்ஸ் எடுங்க, அதோட உரிமம் பெற்ற கடைக்குப் போங்க. கடையில் நிரப்புற 4473 படிவத்தில் அதுக்கான கேள்வியே இருக்கு, லைசென்ஸ் நகலைக் கேட்பாங்க. லைசென்ஸ் காலாவதியாக விடவே கூடாது, விலக்கு அதோட போயிடும். குடியேற்ற வழக்கு எதுவும் நிலுவையில் இருந்தா உங்க வக்கீலைக் கேட்காம ஒரு அடியும் எடுத்து வைக்காதீங்க. இதில் தப்பு நடந்தா துப்பாக்கியோட போகாது, விசாவும் போகும்.

#5 வடக்குமான் (ஒன்டாரியோ)

பைன்காட்டான் அண்ணை, மெஸ்கீட் சொன்னதில பிழை இல்லை. ஆனா சாவேஜ் 99ஐத் தோளில வச்சுப் பார்க்காமல் முடிவெடுக்காதேங்கோ. நான் இந்தத் துவக்கில பைத்தியமா இருக்கிற ஆள், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன்.

மற்ற ரெண்டும் குழலுக்குக் கீழ குழாய், அதுக்குள்ள தோட்டா ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிற்கும். முன்னால நிற்கிற தோட்டாவின்ர பிரைமரில (அடியில இருக்கிற வெடி மூடி) பின்னால நிற்கிறதின்ர மூக்கு முட்டும். அதாலதான் மூக்கு தட்டையான குண்டு பாவிக்க வேணும். கூர் மூக்கெண்டால் உதைப்பில பிரைமர் வெடிக்கலாம். 99ல அந்தப் பிரச்சினையே இல்லை. ஆர்தர் சாவேஜ் 1899லயே சுழலுற மகசீன் போட்டுட்டார். தோட்டாக்கள் ஒரு உருளையைச் சுற்றி அடுக்கி நிற்கும், கூர் மூக்குக் குண்டைப் பயமில்லாமல் போடலாம். ரிசீவரின்ர இடப்பக்கம் சின்ன ஜன்னல் ஒண்டு, உள்ளுக்கு எத்தனை தோட்டா மிச்சமெண்டு அதில இலக்கம் தெரியும். வெளியில நீட்டிக்கொண்டு நிற்கிற ஹாமர் இல்லை, அடர்ந்த பத்தைக்குள்ள உடுப்பில மாட்டாது. லீவரை இழுத்துப் பாருங்கோ, அந்த மசகு மற்ற எதிலயும் வராது.

250-3000 எண்ட தோட்டா 1915ல இதுக்கெண்டே வந்தது, 87 கிரெயின் (குண்டின்ர எடை அளவு) குண்டை செக்கனுக்கு 3000 அடி வேகத்தில அனுப்பினது. 300 சாவேஜ் 1920ல வந்தது. ரெண்டும் மானுக்கு இண்டைக்கும் போதும். நேர் ஸ்டாக் வேணுமெண்டால் ரெண்டு இடத்தில தேடுங்கோ. ஒண்டு, முந்தின காலத்து 1899, 99 மாதிரிகள். மற்றது 1971ல திரும்ப வந்த 99ஏ. பின்னதில 243, 308ம் கிடைக்கும், பாதுகாப்புப் பொத்தான் பெருவிரலுக்குக் கீழ டாங்கில (ரிசீவரில இருந்து மரத்துக்குள்ள நீளுற இரும்பு வால்) இருக்கும். வேட்டைக்கு நான் அதைத்தான் சொல்லுவன்.

பார்க்க வேண்டிய இடம் ஒண்டுதான் முக்கியம்: ரிசீவரும் மரமும் சேருற இடம், டாங்குக்குப் பின்னால. 99ன்ர மரம் அங்கதான் வெடிக்கும். மெல்லிய மயிர் மாதிரிக் கோடு. எண்ணெய் பூசி மறைச்சிருப்பினம், விரல் நகத்தால தடவிப் பாருங்கோ. 1949இல இருந்து கொஞ்சக் காலத்துக்கு லீவரின்ர முன் குமிழில முட்டை வடிவத்துக்குள்ள ஒரு எழுத்து அடிச்சிருக்கும், ஏ எண்டால் 1949.

இன்னொண்டு, இது உயிர் விஷயம். குழலில ‘303 சாவேஜ்’ எண்டு இருந்தால் அது 303 பிரிட்டிஷ் இல்லை. நம்மட ஆக்களுக்கு 303 எண்டால் பொலிஸ் வச்சிருந்த லீ-என்ஃபீல்ட்தான் ஞாபகம். இங்க கனடாவிலயும் அந்தத் தோட்டா எல்லாக் கடையிலயும் கிடக்கும். ரெண்டும் முற்றாக வேற தோட்டா. சாவேஜ் 303 இப்ப கிடைக்கிறது அரிது, அந்தக் காலிபரைச் சேகரிப்புக்கு மட்டும் வாங்குங்கோ.

கனடா ஆக்களுக்கு: லீவர் துவக்குகள் இங்க கட்டுப்பாடில்லாத வகைதான், ஆனா பிஏஎல் எண்ட துவக்கு லைசென்ஸ் கட்டாயம். 2022 மே மாதத்துக்குப் பிறகு தனியாளிட்ட வாங்கினாலும் விற்கிறவர் உங்கட லைசென்ஸைச் சரிபார்த்து எண் எடுக்க வேணும். அதைச் செய்ய மாட்டன் எண்டு சொல்லுற ஆளிட்ட வாங்காதேங்கோ.

#6 பழையஇரும்பு (மிச்சிகன்)

இருவரும் வின்செஸ்டரை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். ஜான் மோசஸ் பிரவுனிங்கின் வடிவமைப்பு, 1894. அடுத்த வருடமே 30-30 தோட்டா இதற்காகத்தான் வந்தது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். நேர் ஸ்டாக் கார்பைன் என்றால் எல்லார் கண்முன்னும் வருகிற உருவம் இதுதான். பீப் சைட் போதும் என்றால் இதைவிட மெலிதான, கைக்கு அடக்கமான வேட்டைத் துப்பாக்கி கிடையாது.

சேகரிப்பவனாகச் சொல்கிறேன், பழைய லீவர் எதுவானாலும் மரத்தையும் இரும்பையும் சேர்த்துப் படியுங்கள். தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு இழை உயரமாகத்தான் விட்டிருப்பார்கள். டாங்க் ஓரத்தில் விரலை ஓட்டினால் மரம் மேலே தட்டுப்பட வேண்டும். இரும்பு மேலே தட்டுப்பட்டால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகு ஓட்டைகளின் விளிம்பு குழிந்து, நிறம் மட்டும் கறுப்பாகப் பளபளத்தால் அது மறுபடி ப்ளூயிங் (இரும்பின் கறுநீலப் பூச்சு) செய்தது. எனக்கு ஒரு கடையில் அப்படியொன்றை ‘அசல்’ என்று சத்தியம் செய்து காட்டினார்கள். சீரியல் எண்ணின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தன. வைத்துவிட்டு வந்தேன். சண்டை போட்டுத் தேய்ந்த துப்பாக்கிக்கு மதிப்பு உண்டு, தேய்த்துப் புதுசாக்கியதற்குக் கிடையாது.

94க்கு இன்னொரு சோதனை. இதன் குழலைப் பெரும்பாலும் முன்பக்கமிருந்துதான் துடைத்திருப்பார்கள், துடைக்கும் கம்பி வாய் ஓரத்தைத் தின்றிருக்கும். ஒரு தோட்டாவின் குண்டு முனையை வாயில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும். பிறகு காலித் துப்பாக்கியில் ஹாமரைப் பாதி நிலையில் நிறுத்தி டிரிக்கரை அழுத்துங்கள், ஹாமர் விழவே கூடாது. பழைய 94ல் அந்தப் பாதி நிலைதான் பாதுகாப்பு, வேறு பொத்தான் இல்லை.

1964ல் செலவைக் குறைக்க உள்வேலையை மாற்றினார்கள். கேரியர் தகடாயிற்று, திடப் பின்களுக்குப் பதில் சுருள் பின்கள், ரிசீவர் இரும்பும் மாறியது. அந்த ரிசீவரில் சாதாரண ப்ளூயிங் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே 1964க்கு முந்தையது மட்டும்.

#7 மெஸ்கீட்மரம் (டெக்சஸ்)

கடைசி வரியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். சேகரிக்கிறவருக்கு 1964 ஒரு கோடு, சரி. வேட்டைக்குப் போறவருக்கு ஏன்? தகட்டுக் கேரியரைக் கொஞ்ச வருஷத்தில் மாத்திட்டாங்க. 1980களில் வந்த ஆங்கிள் இஜெக்ட்ல காலித் தோட்டா பக்கமா சாய்ஞ்சு போகும், ஸ்கோப் நடுவிலேயே நிக்கும். அண்ணன் கேட்டது அதைத்தானே?

#8 பழையஇரும்பு (மிச்சிகன்)

வேட்டை மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சேகரிப்பின் முதல் துப்பாக்கி என்றும் எழுதியிருக்கிறார். இன்றைக்குக் கொடுத்த பணம் பத்து வருடம் கழித்தும் நிற்க வேண்டும் என்றால் கோடு அதே இடத்தில்தான்.

நினைவுப் பதிப்புகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1966 சென்டெனியல், 1967 கனடா சென்டெனியல், 1968 பஃபலோ பில் எல்லாம் ஆயிரக்கணக்கில் செய்து குவித்தவை. பெட்டி பிரிக்காமல் சுடாமல் இருந்தால் ஒரு விலை. ஒரு முறை காட்டுக்குப் போய் வந்துவிட்டால் சாதாரண 94தான். அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். பெட்டியும் காகிதமும் இல்லாத கனடா சென்டெனியல் ஒன்று வந்தால் எண்கோணக் குழலோடு நல்ல வேட்டைத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும்.

நூற்றாண்டு தாண்டிய வின்செஸ்டரோ மார்லினோ பார்த்தால், வயோமிங்கில் ‘கோடி’ என்ற ஊரின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் அந்த சீரியல் எண் எந்தக் காலிபரில், எப்படிப்பட்ட குழலோடு வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். எல்லா வருடங்களுக்கும் கிடையாது, ஆரம்ப காலத்துக்கு உண்டு. பெரிய விலை கேட்டால் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கடிதத்தை எடுங்கள்.

#9 கரிசல்காரி (ஆல்பர்ட்டா)

என் கணவரும் நானும் எல்க், கரடி உள்ள காடுகளில் போகிறவர்கள், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சேர்க்கிறேன். மார்லின் 1895ஐ யாரும் சொல்லவில்லை. 45-70 தோட்டாவில் 1972ல் திரும்பி வந்தபோது அது நேர் ஸ்டாக், 22 அங்குலக் குழல். 1970களின் முடிவில் பிஸ்டல் கிரிப்புக்கு மாறிவிட்டார்கள். அதனால் அந்தச் சில வருடத் துப்பாக்கிகளைத் தேடுகிறவர்கள் அதிகம். 444ம் அப்படித்தான், 1965ல் வந்தது நேர் ஸ்டாக்கோடு, சில வருடத்தில் வளைத்துவிட்டார்கள். 1998ல் வந்த கைடு கன் குட்டைக் குழலும் நேர் ஸ்டாக்குமாக வந்தது. கரடி நாட்டில் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க எனக்கு அதுதான் பிடிக்கும். உதை பலமாக இருக்கும். நேர் ஸ்டாக்கில் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க வளைவு இல்லாததால் முன்கையை உறுதியாக இழுத்துப் பிடிக்கப் பழக வேண்டும்.

தூரமாகச் சுடுவதென்றால் பிரவுனிங் பிஎல்ஆர், நேர் ஸ்டாக் உள்ள 81 மாதிரி. கழற்றும் மகசீன், பற்சக்கரத்தில் ஓடுகிற லீவர், 308ல் கூர் மூக்குக் குண்டு. ஆனால் வீட்டில் பிரித்துப் பார்க்காதீர்கள், பற்களை ஒரு பல் மாற்றிக் கோர்த்தால் ஆக்‌ஷனே பூட்டாது.

#10 பைன்காட்டான் (பென்சில்வேனியா)

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து ஊர்க் கடையில் ஒரு மார்லின் வந்திருக்கிறது. நேர் ஸ்டாக், நேர் லீவர், 30-30. சீரியல் எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கிறது, ஆகவே பழசு. டெக்ஸன் என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள், டெக்ஸன் விலைதான் கேட்கிறார்கள். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், குழல் கண்ணாடி மாதிரி. கேரியரில் லேசான உரசல் மட்டும். மரத்தின் நிறம் முன்கட்டையைவிடப் பின்கட்டையில் ஒரு சாயல் வெளிறியிருக்கிறது. டாங்கின் இரு பக்கமும் மெல்லிய இடைவெளி, ஒரு பக்கம் கூடுதல். குழலில் ‘மாடல் 336 ஆர்சி’ என்று அடித்திருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

#11 பழையஇரும்பு (மிச்சிகன்)

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஆர்சி என்றால் ரெகுலர் கார்பைன், பிஸ்டல் கிரிப்போடு வெளியே போனது. டெக்ஸனின் குழலில் டி என்றுதான் அடித்திருப்பார்கள். யாரோ பின்கட்டையை மட்டும் மாற்றவில்லை, வேலை தெரிந்தவர் செய்திருக்கிறார். பிஸ்டல் கிரிப்பில் லீவரும் வளைவு, டிரிக்கர் கார்டு தகட்டின் பின்வாலும் வளைவு. நேர் ஸ்டாக் உட்கார வேண்டுமானால் பின்கட்டையோடு அந்த இரண்டையும் மாற்றியாக வேண்டும். மாற்றியிருக்கிறார். டாங்க் ஓர இடைவெளி, மரத்தின் நிற வித்தியாசம் இரண்டும் அதற்குச் சாட்சி.

#12 மெஸ்கீட்மரம் (டெக்சஸ்)

அண்ணன் சொன்னது சரி. அதுக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல. குழல் சுத்தம், கேரியர் சரி, லீவர் சரியா பூட்டுது, அப்படின்னா வேட்டைக்கு முதல் தரமான துப்பாக்கி. டெக்ஸன் விலை மட்டும் கொடுக்காதீங்க. சாதாரண 336 ஆர்சிக்கு உங்க ஊர்ல என்ன விலையோ அதிலிருந்தும் கொஞ்சம் இறக்கிக் கேளுங்க, பாகம் மாத்தினது சேகரிப்பில் குறைதானே. எழுத்தைக் கடைக்காரர்கிட்ட காட்டுங்க, நேர்மையான ஆளா இருந்தா அட்டையைக் கழட்டிடுவார்.

இன்னொண்ணு. 50 வருஷம் தாண்டினதை வீட்டுக்கே வரவழைக்க சி அண்ட் ஆர்ங்கிற சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுக்கலாம்னு யாராவது சொல்வாங்க. மூணு வருஷத்துக்கு 30 டாலர், சேகரிக்கிறவங்களுக்கு நல்லது. ஆனா வயசு மட்டும் போதாது, அசல் அமைப்பு மாறாம இருக்கணும். இந்த மாதிரி கைவைச்சதை அந்த வழியில் கொண்டுவர நினைக்காதீங்க, கடை வழியாவே வாங்குங்க.

#13 பைன்காட்டான் (பென்சில்வேனியா)

கடைக்காரரிடம் குழல் எழுத்தைக் காட்டினேன். பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்துவிட்டு, அவரே அட்டையைக் கழற்றினார். ஆர்சி விலைக்குக் கீழே பேசி முடித்துவிட்டேன். இது வேட்டைக்கு. அசல் 99ஏ தேடல் தொடர்கிறது, வடக்குமான் எழுதியதைப் படித்த பிறகு அதை விட முடியாது. இதை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? பின்கட்டையை எடுத்து ஓர இடைவெளியைச் சரி செய்யலாமா?

#14 கரிசல்காரி (ஆல்பர்ட்டா)

பின்கட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள். சுட்டுப் பார்த்து டாங்க் பின்னால் மரம் விரிசல் விடுகிறதா என்று கவனியுங்கள். இடைவெளி ஒரு பக்கம் கூடுதல் என்றால் உதை முழுவதும் மறுபக்கம்தான் விழும், அங்கேதான் வெடிக்கும். விரிசல் தொடங்குவது போலத் தெரிந்தால் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து உள்பக்கம் எபாக்ஸி படுக்கை போடச் சொல்லுங்கள், வெளியே தெரியாது.

முதல் வேலை முன்கட்டை. அதைக் குழலோடு பிடிக்கும் வளையங்களின் திருகுகளை, பொருத்தமான திருப்புளியால் மட்டும், கழற்றி மரத்தை இறக்குங்கள். குழலின் அடிப்பக்கமும் மகசீன் குழாயின் மேல்பக்கமும் யாரும் வருடக்கணக்கில் பார்த்திருக்க மாட்டார்கள். மழையில் நனைந்த ஈரமெல்லாம் அங்கேதான் தங்கும். துரு இருந்தால் எண்ணெயும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் போட்டு மெதுவாக எடுங்கள், ப்ளூயிங் போகாது. மகசீன் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துத் துடையுங்கள். பிறகு 170 கிரெயின் தட்டை மூக்குத் தோட்டாவும் 150ம் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது அந்தக் குழலுக்குச் சேர்கிறது என்று ரேஞ்சில் பாருங்கள். சீசன் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது.